முப்பத்திரண்டில் ஒரு பங்கு மொரிஸ் மைனர்

பிளாஸ்டிக் மாதிரிக் கார் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வருத்தம் உண்டு, தீராத நோய். பெட்டிக்குள் ஐம்பது அறுபது துண்டு வரும். தாளில் போட்டிருக்கிற ஒழுங்கில் ஒட்டினால் கார் வந்துவிடும். அத்தோடு நிறுத்துகிறவன் நல்ல மனிதன், பிழைத்துக்கொள்வான். எனக்கு நிறுத்தத் தெரியாது. பெட்டிக்காரன் கதவுப் பிடியை ஒரு சின்னப் புடைப்பாக வார்த்துவிட்டிருப்பான். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஸ்ரேப்ளர் கம்பியை வளைத்து உண்மையான பிடி வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஒருவரும் எட்டிப் பார்க்காத இடமென்றால் இன்னும் கவனமாக வைப்பேன். இந்த வருத்தத்தால் ஒருமுறை என் கலியாணமே கவிழப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. அப்பாவும் அம்மாவும் கிளிவெட்டியில் வயலைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் டவுனில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். சண்டைக்காலம். கிழமையில் இரண்டு நாளாவது ஊரடங்குச் சட்டம் போடுவார்கள். அந்த நேரத்தில் தெருவில் நடமாட, டவுனுக்குள் திரிகிற மான்களுக்கு மட்டும்தான் அனுமதி. அவை பாட்டுக்கு வந்து, மூடிக் கிடக்கிற கடைகளுக்கு முன்னால் நின்று அசைபோட்டுவிட்டுப் போகும்.

என் அறைக்குப் பின்னால் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவருடைய வீடு. வீட்டில் அவர், மனைவி, ஒரே மகள். மகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். வளவின் பின்பக்கம், வேலியை ஒட்டினாற்போல ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அவருடைய மொரிஸ் மைனர் நின்றது. நின்றது என்றால் சக்கரத்தில் இல்லை. ஒவ்வொரு சென்றியிலும் ஆமிக்காரரின் சோதனைக்கு இறங்கி, கதவைத் திறந்து, டிக்கியைத் திறந்து, இருக்கையைத் தூக்கிக் காட்டி அலுத்துப்போய், மனிதர் ஒருநாள் சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டுக் காரை நாலு செங்கல் அடுக்கின் மேல் ஏற்றிவிட்டார்.

அவளை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஓர் ஊரடங்கு நாளில் தீப்பெட்டி முடிந்துபோய், வேலியடியில் நின்று கேட்டேன். அவள் கொண்டுவந்து தந்தாள். அடுத்தநாள் அந்தத் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இரவல் வாங்கிய தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற மனிதனை அவள் அதுவரை கண்டதில்லையாம். சிரித்தாள். என் கதை அத்தோடு முடிந்தது, அல்லது தொடங்கியது.

வெளியில் சந்தித்துக் கதைக்க இடமில்லை. கடற்கரைக்குப் போனால் ஊர் முழுக்கக் கண், கோயிலுக்குப் போனால் சொந்தக்காரர். மிச்சம் இருந்தது அந்தக் கார்தான். அவளுடைய அப்பா மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தால் மூன்றரைக்குத்தான் எழும்புவார். அலாரம் தேவையில்லை, அவரே ஒரு அலாரம். சனி ஞாயிறிலும் ஊரடங்கு நாளிலும் நான் வேலியில் ஒரு கிடுகை விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போவேன். முதல்நாளே அவள் சட்டம் போட்டுவிட்டாள்.

"நீங்கள் பின்னுக்கு, நான் முன்னுக்கு. ஓமெண்டால் இருங்கோ, இல்லாட்டி இப்பவே போங்கோ."

நான் பின்னுக்கு இருந்தேன். அவள் ட்றைவர் சீற்றில் ஏறி, ஸ்டியரிங்கின் மேல் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டே கதைப்பாள். பிழை கண்டால் சிவப்புப் பேனையால் ஒரு கீறு, எனக்கு ஒரு ஏச்சு. இரண்டும் ஒரே வேகத்தில் வரும். ஒரு வருஷமும் நாலு மாசமும் நான் அவளுடைய பின்தலையோடுதான் காதல் செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கணக்குக் கொப்பி திருத்துகிறதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

பிறகுதான் ஜேர்மனியிலிருந்து ஒரு படம் வந்தது. தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை. படத்தில் பனிக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். நல்ல வடிவான ஆள், அதைச் சொல்லத்தான் வேண்டும். படத்தை அவள் முன்னுக்கு இருந்தபடியே தோளுக்கு மேலால் எனக்கு நீட்டினாள்.

"அப்பாவுக்கு அங்கைதான் மனம். அடுத்த மாசம் முடிவு சொல்லப்போறார். எங்கடை வீட்டுக்குப் பேச ஆளை அனுப்புறதெண்டால் இப்ப அனுப்புங்கோ" என்றாள்.

ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். பெரியப்பா மூதூரிலிருந்து லோஞ்ச் படகு ஏறி வந்து, வெற்றிலையும் வாழைப்பழமுமாய்ப் போய்ப் பேச்சைத் தொடங்கினார். அளவையாளர் மறுக்கவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை.

"பக்கத்து வளவுத் தம்பியைத் தெரியும். ஆனால் பழக்கமில்லை. ஆளைப் பாத்துத்தான் சொல்லவேணும். வாற மாசம் முதல் ஞாயிறு கூட்டிக்கொண்டு வாருங்கோ."

நாங்கள் பழகியது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அவ்வளவும் பாழ். அவருடைய கண்ணில் நான் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற, முறையாகப் பேச்சுக்கு வருகிற பெடியன். அப்படியே போனால்தான் எனக்கு ஏதாவது வழி. அவள்தான் யோசனை சொன்னாள்.

"அப்பாவுக்கு இந்தக் காரெண்டால் உயிர். உங்கடை லண்டன் மச்சான் அனுப்பின பெட்டி ஒண்டு கிடக்கெல்லோ? அவரின்ர காரைச் செய்து கொண்டு வாங்கோ. மிச்சத்தை அது கதைக்கும்."

பெட்டி கிடந்தது உண்மை. காருக்குள் முதல்நாள் இருந்துவிட்டு வந்த அன்றே மச்சானுக்கு எழுதியிருந்தேன், இதே காரின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று அனுப்பச் சொல்லி. ஒரு வருஷம் கழித்து வந்தது. வழியில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்துத் திருப்பி ஒட்டினார்களோ, பெட்டி முழுக்க ஒட்டுத்தாள். பசைக் குழாயை மட்டும் காணவில்லை. அதைத் தின்றார்களோ தெரியாது.

பெட்டியில் வந்தது லண்டன் தெருவில் ஓடுகிற கார். அளவையாளருடைய கார் வேறு. கூரைக்கு மேல் இரும்புக் கம்பியில் ஒரு கரியர் அடித்து, அதில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட அளவைக் கம்புகளைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் இந்த மாவட்டம் முழுக்கத் திரிந்தவர். அந்தக் கரியர் இல்லாமல் செய்தால் அது ஆரோ ஒருத்தருடைய கார். அளவு வேண்டும். அவள் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஒருநாள் கரியரை அளந்துகொண்டு நிற்க, அப்பா வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை அளக்கிறாய்?"

"காருக்கு ஒரு உறை தைப்பம் எண்டு, அப்பா. தூசி படுது."

வாயைக் கொடுத்து மாட்டினாள். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானே நாடாவைப் பிடித்து, முழுக் காரையும் அளந்து, கொப்பியில் படம் கீறிக் கொடுத்தார். அவள் ஒரு கிழமை மா சாக்குகளைப் பிரித்து இணைத்து உறை தைத்தாள். அதை மாட்டி, அவர் நாலு மூலையிலும் கயிறு போட்டு ஒரு முடிச்சுப் போட்டார். காடு மேடெல்லாம் கம்பு கட்டித் திரிந்தவர் போட்ட முடிச்சு, எங்களால் அவிழ்க்க ஏலாது. அவிழ்த்தாலும் அதேபோலத் திருப்பிப் போட ஏலாது. எங்களுக்கு அளவு கிடைத்தது, கார் போய்விட்டது. கடைசி மூன்று கிழமையும் வேலிக்கு மேலால் ஒரு சிரிப்பு, ஒரு இருமல், அவ்வளவுதான்.

நான் அறைக்குள் குந்தியிருந்து வேலை செய்தேன். பிளாஸ்டிக் தகடு வேண்டுமே, எங்கே போவது? கடையில் விற்கிற யோகட் தயிர்க் கோப்பை நல்ல பிளாஸ்டிக், பிளேட்டால் வெட்டினால் கோடு போட்டதுபோல வரும். கோப்பைக்காக யோகட் தின்னத் தொடங்கினேன். ஒருநாளைக்கு மூன்று. கடைக்காரர் நாலாம்நாள் குரலைத் தாழ்த்தி, "தம்பி, வயிறு இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்டார். கரியருக்குப் பழைய ரெலிபோன் வயரின் செப்புக் கம்பி. அளவைக் கம்புகளுக்கு ஈர்க்கு. சிவப்பும் வெள்ளையும் ஒரு மயிர்த் தூரிகையால் போட்டேன், மூச்சு விடாமல். முன்விளக்கின் கண்ணாடிக்கு மருந்துக் குளிசை அட்டையின் குமிழ். வானொலிக் கம்பிக்கு, பெட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை விளக்குச் சுவாலையில் காட்டி இழுத்தேன்; தலைமயிரைப் போல நீண்டது. பசைக்குப் பதில் வீட்டுக்காரம்மாவின் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர். அது பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிக்கும், கூடவே மூளையையும் கொஞ்சம் கரைக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பிறகு நடந்ததற்கு வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெளிப்பக்கம் முடிந்தது. நிறுத்தியிருக்கலாம். உள்ளே பெட்டிக்காரன் தந்த இருக்கைகள் கட்டிச் சவர்க்காரம் மாதிரி இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. அவளையும் பார்க்க முடியாமல், காருக்குள்ளும் போக முடியாமல் கிடந்த அந்த நாட்களில், உள்ளே இருந்தது ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பழைய டயறி மட்டையைச் சீவி ரெக்சின் போட்டேன். தையலுக்கு ஊசியால் புள்ளி குத்தினேன். கூரைத் துணி ஓரிடத்தில் தொய்ந்திருக்கும், அதையும் தொய்ய வைத்தேன். மனத்தில் என்ன இருந்ததோ அதைக் கை செய்தது. நான் குறுக்கே நிற்கவில்லை.

ஞாயிறு வந்தது. பெரியப்பா திரும்பவும் வாழைப்பழச் சீப்போடு வந்தார். நான் வேட்டி கட்டி, சப்பாத்துப் பெட்டிக்குள் காரை வைத்து, வேலியால் போகாமல் தெருவால் சுற்றிக்கொண்டு போனேன். விறாந்தையில் கதிரை போட்டிருந்தார்கள். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். என்னை முன்பின் கண்டிராதவள்போல ஒரு முகம். அந்த நடிப்புக்கு நான் நமஸ்காரம்தான் செய்யவேண்டும்.

பெட்டியைத் திறந்து காரை எடுத்து மேசையில் வைத்தேன். அளவையாளர் எழும்பி உள்ளே போனார். பூதக்கண்ணாடியும், உருக்கு அடிமட்டமும், ஒரு சின்ன ரோச் லைற்றும் கொண்டுவந்தார். நீளத்தை அளந்து, முப்பத்திரண்டால் பெருக்கினார். அகலம், உயரம். கரியருக்கு வந்ததும் கை நின்றது.

"கம்பும் இருக்குது!" என்றார் மனைவியைப் பார்த்து. "இஞ்சை பாரும், கம்பு. பட்டையும் சரி. அடிக்கு ஒரு நிறம்."

எனக்குள் மேளம் அடித்தது. பெரியப்பா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். ஜேர்மன்காரன் தன் பனிக்குள்ளேயே நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் ரோச்சை அடித்து, பின் கதவுக் கண்ணாடியால் உள்ளே பார்த்தார்.

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி. பின் சீற்றிலை இதென்ன வெள்ளையா?"

எட்டிப் பார்த்தேன். பின் இருக்கையின் இடதுபக்கம் எள்ளளவில் ஒரு பிளாஸ்டர், குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டியபடி. நான்தான் ஒட்டினேன். உண்மையான பிளாஸ்டரின் ஓரத்தைச் சீவி, இடுக்கியால் பிடித்து, இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டு. கார் கல்லில் ஏறி எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருநாள் அந்த இடத்தில் ஸ்பிரிங் கிளம்பி ரெக்சினைக் கிழித்துக்கொண்டு என் காற்சட்டையையும் கிழித்தது. அடுத்தநாள் அவள் பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் கொண்டுவந்து ஒட்டினாள். "சீற்றுக்குக் காயம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த இடத்தை விட்டுவிட்டுச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அட விசரா! அட மடையா! ஊரில் வேறு எவனாவது தன் களவைத் தானே அளவு பார்த்துச் செய்து, பெட்டியில் வைத்து, பெண்ணின் தகப்பனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பானா?

"அது... சும்மா..." என்றேன்.

"சும்மா இல்லை. இதிலை சும்மா ஒண்டுமில்லை, நான் அளந்தனான்."

எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்தார். வயல்வெளியில் அளவு குறிக்கிற கொப்பி. காரைக் கல்லில் ஏற்றிய அன்று அதன் நிலைமையை ஒவ்வொன்றாய் எழுதி வைத்திருக்கிறார், மனிதர். விரலை வைத்து வாசித்தார்.

"பின் ஆசனம். பழுதில்லை."

கொப்பியை மூடினார். மாதிரியை ஒரு கையிலும் ரோச்சை மறுகையிலும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். சந்தேகம் வந்தால் அளவையாளர் மேசையில் இருந்து கதைக்கமாட்டார், நேரே நிலத்துக்குப் போய்ப் பார்ப்பார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடுக்க மறந்த வாழைப்பழச் சீப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அளவையாளர் முடிச்சை அவிழ்த்தார். உறையை மடித்துப் போட்டார். பின் கதவைத் திறந்தார்.

பிளாஸ்டர் இருந்தது. இடதுபக்கம், குறுக்கும் நெடுக்குமாய்.

ஏசுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கத் தயாராய் நின்றேன். அவர் ஒன்றும் செய்யாமல் உள்ளே ஏறி, அந்தப் பிளாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். மடியில் மாதிரி. அவருடைய மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளை."

"ஓம் அப்பா." அவள் கொட்டகையின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கை இருந்தனி?"

"முன்னுக்கு."

"பொய் சொல்லாதை."

"சத்தியமா முன்னுக்குத்தான், அப்பா. ட்றைவர் சீற்றிலை."

அவர் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? ரோச்சை அடித்து, பூதக்கண்ணாடி இல்லாமலே கண்ணைச் சுருக்கி, மாதிரியின் முன்பக்கத்தைப் பார்த்தார். ட்றைவர் சீற்றின் மேல் விளிம்பில் ஓர் இடம் மட்டும் மங்கலாய், பிசுக்கேறிக் கிடந்தது. என் மூக்கு எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து அதைச் செய்திருந்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், ஒரு வருஷமும் நாலு மாசமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தானே. அவர் மாதிரியை வைத்துவிட்டு, கையை நீட்டி, தனக்கு முன்னால் இருந்த உண்மையான சீற்றின் விளிம்பைத் தடவினார். விரலை மணந்து பார்த்தார்.

"இஞ்சரும், இது நீர் காய்ச்சுற தலை எண்ணெயெல்லோ?"

மனைவி வந்து மணந்து பார்த்துத் தலையாட்டினார். "ஓம். என்ர எண்ணெய்தான்."

"அப்ப முன்னுக்குத்தான் இருந்திருக்கிறாள்" என்றார், காணி எல்லைக்குக் கல் போடுகிற குரலில். பிறகு என்னைப் பார்த்தார். "எத்தினை காலம்?"

"ஒரு வருஷமும் நாலு மாசமும், ஐயா."

"அவ்வளவு காலமும் இவளின்ர பின்தலையைப் பாத்துக்கொண்டோ இருந்தனீர்?"

"ஓம் ஐயா."

பெரியப்பாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. குபீரென்று சிரித்துவிட்டார். பிறகு வாழைப்பழச் சீப்பால் வாயை மறைத்துக்கொண்டார். அளவையாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உம்மிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. கை சுத்தம். கண் சுத்தம். ஜேர்மன்காரனை நான் படிப்புக்கும் வசதிக்கும் பாக்கேல்லை. இவள் காலமை பள்ளிக்கூடம் போனால், திரும்பி வந்து கேற்றைத் திறக்கிற சத்தம் கேக்குமட்டும் எனக்குத் தண்ணி இறங்காது. ஒவ்வொருநாளும். சண்டையில்லாத ஒரு இடத்திலை இவள் இருந்தாக் காணும் எண்டுதான் அங்கை பாத்தனான். நீர் இவளை இஞ்சைதானே வைச்சிருக்கப்போறீர்?"

இந்த மனிதரை ஏமாற்றுகிறோம், வெல்லுகிறோம் என்று ஒரு மாசம் நான் போட்ட திட்டம் எல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. லண்டன் மச்சானைச் சொல்லலாம், நானும் எங்கேயாவது போவேன் என்று புளுகலாம். எனக்கு அது வரவில்லை.

"ஓம் ஐயா. இஞ்சைதான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்தார். அப்போது அவள் கப்பை விட்டுவிட்டு வந்து கார்க் கதவடியில் நின்றாள். அழவில்லை. கொப்பி திருத்துகிறபோது பிழை கண்டால் வருமே, அந்தக் குரல்.

"அப்பா, நான் ஜேர்மனிக்குப் போனால் நீங்கள் ஆருடைய கேற் சத்தத்துக்குப் பாத்துக்கொண்டிருப்பீங்கள்?"

அவருடைய முகத்தை நான் பார்க்கக்கூடாது என்று வேறு பக்கம் திரும்பினேன். பெரியப்பாவும் திரும்பினார். அளவையாளர் காருக்குள்ளேயே இருந்தார். வெளியில் வர ஏலாதவர்போல இருந்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாதிரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கலியாணம் முடிஞ்சாப் பிறகு வேற வீடு பாக்கிற கதை ஒண்டும் கதைக்கக்கூடாது. ரெண்டு பேரும் இஞ்சை, இந்த வீட்டிலைதான். நீரும் வேலைக்குப் போயிட்டு நேரத்துக்கு வரவேணும். பின்னேரத்திலை எனக்கு ரெண்டுதரம் கேற் சத்தம் கேக்கவேணும். விளங்கிச்சோ?"

"ஓம் மாமா" என்றேன். ஐயா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.